ஒரு பில்லுக்காகப் பிடுங்கிய குரல்

வில்லியனூரில் சித்தி மகளுக்கு நிச்சயதார்த்தம். அங்கே தங்கிவிட்டுக் காலை பஸ்ஸில் மதகடிப்பட்டுக்குத் திரும்பிய செல்வகுமாரி, கால் கழுவிக்கொண்டு நேராகத் தன் அறைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினாள். மேசைமேல் கீபோர்டு இல்லை. துழாவிப் பார்த்தாள். மானிட்டர் இல்லை. காலுக்கடியில் சிபியூவும் இல்லை. கையில் பட்டது தூசியும் யாரோ வைத்துவிட்டுப் போன ஒரு டீ டம்ளரும்தான்.

“அண்ணி!”

அவள் போட்ட சத்தத்தில் அண்ணன் மனைவி கார்த்திகா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள்.

“கடையில இருக்குது குமாரி. உங்க அண்ணன்தான் தூக்கினு போனாரு. கடை கம்ப்யூட்டரு கரண்டு ஏறி எறங்கனதுல எரிஞ்சி போச்சி. பொங்கக் கூட்டம், பில்லு போட வழியில்லன்னு...”

“எங்கிட்ட கேட்டாரா?”

“போன்ல பாஸ்வேர்டு கேட்டாரே.”

கேட்டான்தான். முந்தின நாள் மதியம், நிச்சயதார்த்த வீட்டு மைக் செட் அலறலுக்கு நடுவில், அண்ணன் தமிழ்ச்செல்வன் போனில், “உன் கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு இன்னா குமாரி? ஒரே ஒரு பில்லு பிரிண்ட் எடுக்கணும்” என்றான். அவளும் சொல்லிவிட்டாள். ஒரே ஒரு பில்! இப்போது அதை நினைக்கையில் காது மடல் சூடாகியது. அண்ணன்மேல் வந்த கோபத்தில் பாதி தன்மேலும் திரும்பியது.

செல்வகுமாரிக்குப் பார்வை கிடையாது. சிறுமியாக இருந்தபோது பொழுது சாய்ந்தால் தடுமாற ஆரம்பித்தாள். விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாக அழியும் நோய் என்றார்கள் டாக்டர்கள். பத்தாம் வகுப்பு முடிவதற்குள் பகலும் இருட்டாகிவிட்டது. ஊரில் அவளுக்குக் கோபக்காரி என்று பெயர். அந்தப் பெயர் சும்மா வரவில்லை. பெயிண்ட் கடைக்கு வருகிறவர்கள், அவள் அங்கேயே நிற்கும்போது அவள் அப்பா தெய்வநாயகத்திடம், “பொண்ணு சாப்டுச்சா?” என்று விசாரிப்பார்கள். “எனக்குக் காது நல்லாவே கேக்குது. எங்கிட்டயே கேளுங்க” என்பாள். பஸ்ஸில் அவளைக் கேட்காமலே தோளைப் பிடித்து அமுக்கி உட்காரவைக்கும் கைகளைத் தட்டிவிடுவாள். “கொஞ்சம் குறையிருக்கிற மாப்பிள்ளையாப் பார்க்கலாம்” என்று ஒருவர் கல்யாணப் பேச்சை எடுத்தபோது, “உங்க வூட்டுப் பொண்ணுக்கு மொதல்ல பாருங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் குடித்துக்கொண்டிருந்த காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

பி.ஏ. முடித்தபின் வீட்டில் சும்மா கிடந்த காலத்தில்தான் அவள் கணினிக்குப் போனாள். புதுச்சேரியில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் இலவசமாக லினக்ஸ் இயங்குதளம் சொல்லிக்கொடுத்தார்கள். விழுப்புரம் சாலையில் பஸ் ஏறி, தனியாகவே போய் வந்தாள். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடரை அங்கேதான் முதன்முதலாகக் கேட்டாள். இயந்திரக் குரல். ஏற்ற இறக்கம் கிடையாது, இனிமை கிடையாது. ஆனால் அது எதையும் மறைக்காமல், எதையும் சுருக்காமல், “உனக்கு இது எதுக்கு?” என்று கேட்காமல் படித்தது. ஒரே மாதத்தில் அதன் வேகத்தை மூன்று மடங்கு கூட்டிக்கொண்டாள். வீட்டில் மற்றவர்களுக்கு அது வண்டு ரீங்காரம் மாதிரி கேட்டது. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவளுக்கு ஒவ்வொரு எழுத்தும் பிடிபட்டது.

அதைக்கொண்டே வேலையும் தேடிக்கொண்டாள். சென்னையில் இருக்கும் ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். புதிதாகக் கட்டப்படும் இணையதளங்களைப் பார்வையில்லாதவர்கள் பயன்படுத்த முடிகிறதா, எங்கே முட்டி நிற்கிறார்கள் என்று சோதித்துச் சொல்வது அவள் பொறுப்பு. இப்போது கையில் இருந்தது ஒரு மருத்துவமனையின் முன்பதிவுத் தளம். மறுநாள் மதியத்துக்குள் முடித்துக் கொடுத்தாக வேண்டும்.

கடை, வீட்டின் முன்பாகம்தான். நடுவில் பெயிண்ட் டின் அடுக்கிய ஒரு குடோன். சுவரைத் தொட்டபடி நடந்து கடைக்குள் வந்தாள். செவ்வாய்க்கிழமை. சந்தைக்கு மாடு ஓட்டி வந்தவர்கள், அப்படியே வெள்ளையடிக்கச் சுண்ணாம்பும் கதவுக்குப் பச்சை பெயிண்டும் வாங்க நின்றார்கள். அப்பா கல்லாவில் இருந்தார். பக்கத்தில் அண்ணன் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது.

“எழுந்திருண்ணே” என்றாள்.

“வந்ததும் வராததுமா இன்னா? பில்லு போட்டுனு இருக்கேன் இல்ல?”

“அது என் கம்ப்யூட்டர். என் சம்பளத்துல வாங்கனது. எழுந்திரு. என் ஃபைல் எல்லாம் இருக்குதான்னு பாக்கணும்.”

கூட்டத்துக்கு முன்னால் வாக்குவாதம் வேண்டாம் என்று நினைத்தானோ என்னவோ, தமிழ்ச்செல்வன் ஸ்டூலை விட்டு எழுந்தான். அவள் உட்கார்ந்து, ஸ்கிரீன் ரீடரைத் துவக்கும் கீபோர்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினாள். சத்தமில்லை. மறுபடி அழுத்தினாள். ஸ்பீக்கர் ஒயரை அசைத்துப் பார்த்தாள். இயர்போனைச் சொருகினாள். ஒன்றுமில்லை.

“சத்தத்தக் கொறச்சி வெச்சியா?”

“நான் எதையும் தொடல. புகழேந்திதான் வந்து பில்லிங் சாஃப்ட்வேர் போட்டுக் குடுத்துட்டுப் போனான்.”

புகழேந்தி வில்லியனூர்க்காரன். சுற்றுவட்டாரக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் நிறுவித் தருவது அவன் தொழில். செல்வகுமாரி உடனே அவனுக்குப் போன் போட்டாள்.

“புகழேந்தி, நான் மதகடிப்பட்டு பெயிண்டு கடை செல்வகுமாரி. என் சிஸ்டத்துல இன்னா பண்ண?”

“ஒண்ணும் பண்ணலக்கா. பில்லிங் போட்டேன். ஒரு லைப்ரரி சண்டை போட்டுச்சி. பழைய வெர்ஷன் எறக்கி ஃபிக்ஸ் பண்ணிட்டேன்.”

“பழைய வெர்ஷன் எறக்குறப்போ ஏதாச்சும் கேட்டுதா?”

“எதையோ எடுக்கப்போறேன், சரியான்னு ஒரு லிஸ்ட்டு காட்டுச்சி. எப்பவும் காட்டும்க்கா. ஆமான்னு ஒய் அடிச்சேன்.”

“அந்த லிஸ்ட்டப் படிச்சியா?”

அந்தப் பக்கம் வண்டி ஹாரன் மட்டும் கேட்டது.

“உன்னத்தான் கேக்கறேன். படிச்சியா?”

“வண்டியில இருக்கேன்க்கா, அப்பறம் பேசறேன்” என்று வைத்துவிட்டான்.

போனை மேசைமேல் போட்டாள். அது சறுக்கி ஆணிப் பெட்டிக்குள் விழுந்தது. அவளுக்கு நடந்தது முழுக்க விளங்கிவிட்டது. கணினியில் எந்த மென்பொருளும் எல்லா வேலையையும் தானே செய்துகொள்வதில்லை. எழுத்துகளைக் கையாள ஒன்று, ஒலியை அனுப்ப ஒன்று என்று பொதுவான தொகுப்புகள் இருக்கும். அவற்றைத்தான் லைப்ரரி என்பார்கள். பல மென்பொருள்கள் ஒரே லைப்ரரியை வைத்துப் பிழைக்கும். புகழேந்தியின் பில்லிங்குக்கு அதில் ஒன்றின் பழைய வெர்ஷன் தேவைப்பட்டிருக்கிறது. பழையதை இறக்கினால், புதியதை நம்பி ஓடுகிறவற்றையெல்லாம் எடுத்துவிடுவேன் என்று கணினி ஒழுங்காகக் கேட்டிருக்கிறது. எடுக்கப்படப் போவது ஒருத்தியின் கண்ணா, காதா என்று பார்க்காமல் ஒருவன் ஒரு கட்டையைத் தட்டியிருக்கிறான்.

அப்போது கார்த்திகா குடோன் வாசலில் வந்து நின்று மெல்லச் சொன்னாள்: “நான் அப்பவே சொன்னேன் குமாரி. அதுல உன் பேசுற சாஃப்ட்வேர் இருக்குது, பாத்துப் பண்ணுங்கன்னேன்.”

“அதுக்கு?”

“உங்க அண்ணன், உள்ள போய் வேலையப் பாருன்னாரு.”

செல்வகுமாரி அண்ணன் நின்ற பக்கம் திரும்பினாள். “தெரிஞ்சே பண்ணியா?”

“அப்பறம் திருப்பிப் போட்டுக்கலாம்னு புகழேந்தி சொன்னான்டி. ஒரு வாரம் சத்தம் வரலன்னா இன்னா இப்ப?”

சத்தமாம். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

முதலில் தானே முயன்றாள். கட்டளை அடிக்கும் டெர்மினல் திரையைத் திறக்கும் கட்டைகள் விரலுக்குத் தெரியும். தன் கைபேசியிலிருந்து இணையத்தைக் கொடுத்து, ஸ்கிரீன் ரீடரைத் திரும்ப நிறுவும் கட்டளையை அடித்தாள். கணினி என்ன பதில் சொல்லிற்று என்று தெரியாது. எழுத்தைப் படித்துச் சொல்லும் ஆப் கைபேசியில் இருந்தது. கேமராவைத் திரைக்கு நேராகப் பிடித்தாள். சாலைப் பக்கத்து வெயில் திரையில் விழுந்து பளபளத்ததில் அது பாதி வரியை விழுங்கி மீதியை உளறியது. மூன்று கோணத்தில் பிடித்துப் பார்த்து, கடைசியில் கைபேசியை மடியில் போட்டுவிட்டாள்.

“அண்ணி, இங்க வாங்க. இதுல இருக்கிறத படிங்க.”

கார்த்திகா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். அவள் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள். திரை முழுக்க ஆங்கிலம்.

“தி... ஃபாலோயிங்... பேக்கேஜஸ்... ஹேவ்... யு, என், எம், ஈ...”

“அன்மெட். சரி. அடுத்து?”

“டி, ஈ, பி...”

“டிபெண்டன்சீஸ். அதுக்கு வேண்டியது கெடைக்கலன்னு சொல்லுது. கீழ வாங்க. லைப்ரரி பேரு, நம்பரு மட்டும் சொல்லுங்க.”

கார்த்திகா எழுத்தெழுத்தாகச் சொன்னாள். ஒரே லைப்ரரி பெயர் திரும்பத் திரும்ப வந்தது. “ரெண்டு புள்ளி ஆறு... பட்... ரெண்டு புள்ளி நாலு...”

செல்வகுமாரி ஒன்று அடித்தாள். மறுபடி படிக்கச் சொன்னாள். அதே பதில். இன்னொன்று அடித்தாள். அதே பதில். ஸ்கிரீன் ரீடருக்கு 2.6 வேண்டும், இருப்பது 2.4, அது புரிந்தது. பில்லிங் எதைக் கேட்கிறது, ஏன் எதற்கும் மசியாமல் நிற்கிறது என்பது புரியவில்லை. கார்த்திகா ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த வரிக்குத் தாவினாள். வாடிக்கையாளர் ஒருவர் இடையில் கை நீட்டிப் பெயிண்டில் கலக்கும் தின்னர் பாட்டிலைக் கேட்டார்.

“ஒழுங்காப் படிங்க அண்ணி! பாதிய முழுங்கினா நான் இன்னா பண்றது?”

“எனக்குத் தெரிஞ்சதத்தான் படிக்க முடியும்!” கார்த்திகாவின் குரல் உயர்ந்தது. “உன்ன மாதிரி யாரும் என்னக் காலேஜுக்கு அனுப்பல. அங்கயும் திட்டு, இங்கயும் திட்டு. எனக்கு இன்னா தலையெழுத்தா?”

கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். செல்வகுமாரிக்குச் சுருக்கென்றது. கண்ணிருந்தும் படிக்கத் திணறுகிறவளிடம் தன் ஆத்திரத்தைக் கொட்டுவது என்ன நியாயம் என்று தோன்றியது. ஆனாலும் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. “உக்காருங்க” என்று ஸ்டூலில் பாதியை விட்டுக் கொடுத்தாள். “மெதுவாவே படிங்க. ஒண்ணும் அவசரமில்ல. ஆனா எதையும் விடாம படிங்க. நம்பருக்கு முன்னால ஏதாச்சும் இருக்குதா?”

“குறி இருக்குது. கொக்கி மாதிரி ஒண்ணு, பக்கத்துல ரெண்டு கோடு. அது சும்மா கோடுதானேன்னு விட்டுட்டேன்.”

“எல்லாத்துலயும் இருக்குதா?”

“இல்ல. பில்லிங்கு பேரு வர்ற வரியில கொக்கி இல்ல. ரெண்டு கோடு மட்டும்தான். சமக்குறி.”

செல்வகுமாரி நிமிர்ந்தாள். முடிச்சு எங்கே விழுந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. கொக்கியும் இரண்டு கோடும் என்றால் இதுவோ இதற்குப் புதியதோ போதும் என்று பொருள். ஸ்கிரீன் ரீடர் அப்படித்தான் கேட்கிறது. வெறும் சமக்குறி என்றால் அச்சு அசலாக அதே வெர்ஷன்தான் வேண்டும் என்று பொருள். பில்லிங் 2.4ஐ விட்டு இம்மியும் நகராது. போதாக்குறைக்கு, எந்தக் கட்டளைக்கும் அசையாததைப் பார்த்தால், யாரும் அதைப் புதுப்பித்துவிடக் கூடாதென்று புகழேந்தி அந்தப் பழைய லைப்ரரிக்கு ஒரு பூட்டும் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். ஒரே பெயரில் இரண்டு வெர்ஷன்களைக் கணினி ஒரே இடத்தில் நிறுவாது. ஒன்று நின்றால் மற்றது போயாக வேண்டும்.

பூட்டை எடுக்கும் கட்டளையை அடித்தாள். பிறகு ஸ்கிரீன் ரீடரையும் புது லைப்ரரியையும் சேர்த்து நிறுவச் சொன்னாள்.

“இப்ப ஒரு லிஸ்ட்டு வந்திருக்குது” என்றாள் கார்த்திகா. “ரிமூவ்டுன்னு போட்டு, அதுக்குக் கீழ பில்லிங்கு பேரு.” கொஞ்சம் நிறுத்தி, “கடையில பில்லு நின்னு போவும் குமாரி” என்றாள்.

தமிழ்ச்செல்வன் அதைக் கேட்டுவிட்டான். கையிலிருந்த சிமெண்ட் மூட்டையைத் தொப்பென்று போட்டுவிட்டு வந்தான்.

“ஏய், இன்னா பண்ற? அதுல கை வெக்காத. இத்தினி பேரு நிக்கறாங்க, கண்ணு தெ...” என்று பாதியில் நிறுத்தினான்.

“சொல்லுண்ணே. கண்ணு தெரியலயான்னுதான கேக்க வந்த? தெரியல. அதனாலதான் அது எனக்கு வேணும்.”

“இந்தக் கடைதான்டி உனக்குச் சோறு போட்டுது!”

“நானும் இந்த வூட்டுக்குக் குடுத்துனுதான் இருக்கேன். என் வாய அடச்சி, என் காத அடச்சி, அதுமேல உக்காந்து நீ பில்லு போடுவ. உன் கண்ணாடிய ஒருத்தன் புடுங்கினு போயி ஒரு வாரம் கழிச்சித் தரேன்னா விடுவியா?”

கல்லாவிலிருந்து தெய்வநாயகம் தொண்டையைச் செருமினார். அப்பா தன் பக்கம் பேசப்போகிறார் என்றுதான் செல்வகுமாரி நினைத்தாள். புதுச்சேரிக்கு அவள் தனியாகப் போய் வந்த முதல் ஞாயிறு, அவளுக்குத் தெரியாமல் அடுத்த பஸ்ஸில் பின்னாலேயே வந்தவர் அவர்.

“பண்டிக முடியட்டுமே குமாரி. அது வரைக்கும் பொறுத்துக்கக் கூடாதாம்மா? மெஷினுதான?”

அண்ணன் சொன்னதெல்லாம் மேலோடு போயிற்று. இது உள்ளே இறங்கியது.

“பண்டிக முடியற வரைக்கும் உன் கண்ணக் கழட்டி அண்ணங்கிட்ட குடுத்துட்டு உக்காந்திருப்பியாப்பா?”

செல்வகுமாரி ஒய் கட்டையைத் தட்டி என்டரை அழுத்தினாள்.

“நிறுத்துடி!” தமிழ்ச்செல்வன் சுவரோரமிருந்த சுவிட்சை நோக்கிப் பாய்ந்தான். பாதி நிறுவும்போது மின்சாரத்தைப் பிடுங்கினால் லைப்ரரி அரைகுறையாகிப் பில்லிங்கும் ஓடாது, ஸ்கிரீன் ரீடரும் ஓடாது, கணினியே எழுந்திருக்காமல் போனாலும் போகும். “அண்ணே, வேணாம்!” என்று அவள் கத்தினாள். எழுந்து தடுக்க, எதிரில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. டின்கள் உருளும் சத்தம் கேட்டது. பிறகு கார்த்திகாவின் குரல், சுவரோரத்திலிருந்து வந்தது.

“கை வெக்காதீங்க.”

“நகுரு கார்த்தி.”

“நகர மாட்டேன். அப்பவே சொன்னேன், கேக்கல. நேத்து அவகிட்ட ஒரு பில்லுன்னு பொய் சொன்னீங்க. அதுக்கும் வாய மூடினு இருந்தேன். இன்னிக்கி நகர மாட்டேன்.”

வெளியில் சந்தை மாடுகளின் கழுத்து மணியும் விழுப்புரம் பஸ்ஸின் ஹாரனும் மட்டும் கேட்டன. கூட்டத்திலிருந்த ஒரு பெரியவர், “சீட்டுல எழுதிக் குடுப்பா, போதும். அந்தக் காலத்துல இன்னா மெஷினா இருந்துச்சி?” என்றார். தமிழ்ச்செல்வன் எதையோ காலால் எத்திவிட்டு வெளியே போனான்.

“முடிஞ்சிடுச்சின்னு நெனைக்கிறேன்” என்றாள் கார்த்திகா. அவள் மூச்சு வாங்கியது. “கடைசி வரியில கர்சர் மினுக்குது.”

செல்வகுமாரி கட்டைகளைச் சேர்த்து அழுத்தினாள். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு ஸ்பீக்கரிலிருந்து அந்த வறண்ட குரல், வேகமெல்லாம் போய், முதல் நாள் கேட்டது போல மெதுவாக, தான் வந்துவிட்டதாக ஆங்கிலத்தில் அறிவித்தது. நிறுவல் புதிதென்பதால் அவள் வைத்திருந்த வேகம் போயிருந்தது. அதையும் ஒவ்வொரு படியாகக் கூட்டினாள். கார்த்திகா அழுகிறாள் என்று மூக்கை உறிஞ்சும் சத்தத்தில் தெரிந்தது. செல்வகுமாரிக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் இருந்தது, கொஞ்சமும் குறையாமல்.

இரண்டு பேருமாகக் கணினியைக் கழற்றி அவள் அறைக்கே எடுத்துப்போனார்கள். நடுவில் ஒருமுறை சென்னையிலிருந்து அவளுடைய குழுத் தலைவி கஸ்தூரி போன் செய்து, “பிரச்சனைன்னா வேற யாருக்காவது மாத்திக் கொடுத்துடட்டுமா?” என்று கேட்டாள். “யாருக்கும் மாத்த வேணாம்” என்றாள் செல்வகுமாரி, கஸ்தூரியே திடுக்கிடும் அளவுக்கு வெடுக்கென்று. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, மருத்துவமனைத் தளத்தைப் பக்கம் பக்கமாகக் குடைந்தாள். தேதியைத் தேர்ந்தெடுக்கும் பெட்டி பார்வையில்லாதவர்களுக்குப் பெயரே சொல்லாமல் ஊமையாக இருந்தது. அதைப் பற்றி அவள் எழுதிய பத்தி வழக்கத்தைவிடக் காரமாக இருந்ததாக, பிறகு கஸ்தூரி சொன்னாள். மறுநாள் நேரத்துக்கு முன்பே அனுப்பிவிட்டாள்.

அன்று பொழுது சாய்வதற்குள் கார்த்திகா அறைக்கு வந்தாள். கட்டிலில் எதையோ போட்டாள், காகிதங்கள் சரசரத்தன.

“கை பில்லு. ரெண்டு நாளுது. இதெல்லாம் பில்லிங்குல ஏத்தலன்னா சரக்கு எது மீதி, எது தீந்துச்சின்னு தெரியாது. உங்க அண்ணன் என்னத்தான் கூட்டச் சொல்றாரு. நோட்டுல போட்டுக் கூட்டிக் கூட்டி எனக்குத் தலையே சுத்துது.”

“அவருக்காக வந்து கேக்கறீங்களா?”

“அவருக்காக இல்ல. எனக்காகக் கேக்கறேன். அந்தப் பில்லிங்க உன் சிஸ்டத்துக்கு எந்தக் கெடுதலும் வராம போட முடியுமா? சாயந்தரம் உன் வேல முடிஞ்சப்பறம் ஒரு மணி நேரம் நானே உக்காந்து ஏத்திடறேன்.”

தன் கோபம் அண்ணனைத் தொடாமல் நேராக இவள் தலையில் போய் விடிந்திருக்கிறது என்பது செல்வகுமாரிக்கு அப்போதுதான் உறைத்தது. கடையில் பில் நின்றால் அவன் கத்துவான். கூட்டிப் பெருக்குவது இவள்தான். அது அவளை இன்னொரு முறை கோபப்படுத்தியது. இந்தத் தடவை கோபத்துக்கு ஒரு வேலை இருந்தது.

புகழேந்தியைப் போனில் பிடித்தாள். பில்லிங்கின் நிறுவல் கோப்பையும் பழைய லைப்ரரியின் கோப்பையும் அனுப்பச் சொன்னாள்.

“அக்கா, ரெண்டு வெர்ஷனும் ஒண்ணா நிக்காதுக்கா. நான் ட்ரை பண்ணிட்டேன்.”

“ஒண்ணா நிக்காதுன்னு எனக்கும் தெரியும். நீ ஃபைல மட்டும் அனுப்பு.”

இரண்டையும் அவள் வழக்கமான முறையில் நிறுவவே இல்லை. நிறுவினால்தானே கணினி இது வேண்டும், அது போக வேண்டும் என்று கணக்குப் பார்க்கும்? தனியாக ஒரு ஃபோல்டர் போட்டு, பில்லிங்கை அதற்குள் பிரித்து வைத்தாள். பழைய லைப்ரரியையும் அதற்குள்ளேயே இன்னொரு ஃபோல்டரில் பிரித்து வைத்தாள். பிறகு சிறிய துவக்கக் கோப்பு ஒன்று எழுதினாள். பில்லிங்கைத் திறக்கும்போது மட்டும், லைப்ரரியை முதலில் இந்த ஃபோல்டரில் தேடு என்று அது சொல்லும். மற்ற மென்பொருள்களுக்கு அந்த ஃபோல்டர் இருப்பதே தெரியாது. அவை புதியதையே எடுத்துக்கொள்ளும். முதல் தடவை பில்லிங் திறக்காமல் ஒரு பிழையைக் காட்டியது. இந்தமுறை பிழையை அவளே கேட்டாள். அந்தப் பழைய லைப்ரரிக்கு இன்னொரு குட்டி லைப்ரரியும் வேண்டுமாம். அதையும் தேடி எடுத்து அதே ஃபோல்டரில் போட்டாள். பில்லிங் திறந்தது. அது திறந்திருக்கும்போதே ஸ்கிரீன் ரீடரும் ஓடிக்கொண்டிருந்தது.

“இவ்ளோதானா?” என்றாள் கார்த்திகா.

“இவ்ளோதான். அத்தச் செய்ய அவனுக்குப் பொறுமையில்ல. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்க அண்ணனுக்கு மனசில்ல.”

புகழேந்திக்கு மறுபடி போன் செய்து, செய்ததையெல்லாம் படிப்படியாகச் சொன்னாள். அவன் எழுதிக்கொண்டான். “எத்தினி கடையில இப்பிடிப் பண்ணியிருக்க?” என்று கேட்டாள். அவன் தயங்கி, அரியூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கூட இதே மாதிரி ஸ்கேனர் வேலை செய்யாமல் போய்விட்டது, ஏனென்று தனக்கு விளங்கவில்லை என்றான். “இப்ப விளங்குதா? போய் சரி பண்ணிக் குடு. இனிமே ஒய் அடிக்கறதுக்கு முன்னால, அது யாரோட மெஷினோ, அவங்களக் கேளு.” அவன் சரிக்கா என்றான். அவனிடம் கொஞ்சம் கடுமையாகத்தான் பேசினாள். அதற்காக அவள் வருந்தவில்லை.

அதன்பிறகு பொங்கல் வரை ஒவ்வொரு சாயந்தரமும் கார்த்திகா வந்து உட்கார்ந்து பில் ஏற்றினாள். இரண்டாம் நாளே, திரையில் வரும் ஆங்கிலத்தை ஸ்கிரீன் ரீடர் படிக்கச் சொல்லி, கூடவே தானும் உச்சரித்துப் பார்த்தாள். “கொஞ்சம் மெதுவாப் பேசச் சொல்லு குமாரி, உன் வேகத்துக்கு எனக்கு மயக்கம் வருது” என்றாள். அவளுக்கென்று வேகத்தைக் குறைத்து வைத்துக் கொடுத்தாள் செல்வகுமாரி. கடையில் வைத்துக் கத்தியதற்கு மன்னிப்பும் கேட்டாள். “நானும்தான் கத்துனேன்” என்று கார்த்திகா பேச்சை முடித்தாள்.

அப்பா ஒருநாள் அறை வாசல் வரை வந்து நின்றார். அவருடைய செருப்புச் சத்தம் தெரியும். “மெஷினுன்னு சொல்லியிருக்கக் கூடாதும்மா” என்றார். “ஆமாப்பா, சொல்லியிருக்கக் கூடாது” என்றாள். அவர் திரும்பிப் போனார். அவள் கூப்பிடவில்லை.

தமிழ்ச்செல்வன் மட்டும் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைக்கும் சத்தத்திலேயே அவன் முறைப்பு தெரிந்தது. மாட்டுப்பொங்கலன்று, தெருவில் மாடுகளுக்குக் கட்டிய சலங்கைச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தபோது, அவள் அறைக் கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நின்றான். இதற்கு முன் அவன் கதவைத் தட்டியதே கிடையாது.

“கடைக்கு ஒரு செகண்டேண்டு கம்ப்யூட்டரு எடுத்தாந்திருக்கேன். நீதான் எல்லாம் போட்டுக் குடுக்கணும்.”

“நாளைக்கி வந்து போடறேன். இன்னிக்கி எனக்கு லீவு.”

“சரி.” போகாமல் நின்றான். “இன்னும் கோவமா?”

“ஆமா.”

அவன் கதவைச் சாத்திவிட்டுப் போனான். செல்வகுமாரி இயர்போனை மாட்டிக்கொண்டு, வேகத்தைத் தன் அளவுக்குக் கூட்டிக்கொண்டாள்.